நாற்பது முழம்

ஒரு வியாழக்கிழமை, கடைசிப் பாடவேளையில், தரம் 9 பிள்ளைகளுக்கு வீட்டு வேலை ஒன்று கொடுத்தேன். நீர் மாசடைதல் பற்றிய பாடம் அன்றுதான் முடிந்திருந்தது. அவரவர் வளவைப் படமாக வரைந்து, கிணறு எங்கே, மலசலகூடக் குழி எங்கே என்று குறித்து, இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து எழுதி வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை முப்பத்து நான்கு படங்கள் என் மேசைக்கு வந்தன. நாற்பது அடி, நாற்பத்தைந்து அடி, ஐம்பது அடி என்று கணக்குகள் ஒழுங்காகவே இருந்தன. எல்லாப் படங்களும் மதிலோடு நின்றிருந்தன.

ஒரு படம் மட்டும் நிற்கவில்லை. அந்தப் பிள்ளை மதிலுக்கு அப்பாலும் கோடு இழுத்திருந்தாள். விளக்கம் கேட்டேன். எழுந்து நின்று சொன்னாள்:

“சேர், எங்கட கிணத்துக்கும் எங்கட குழிக்கும் அம்பத்திரண்டு அடி. ஆனா எங்கட கிணத்துக்குக் கிட்டக் கிடக்கிறது எங்கட குழி இல்ல. மதிலுக்கு அங்கால உங்கட குழிதான். பதினாலு அடி.”

வகுப்பு சிரித்தது. அவள் என் மனைவியின் தங்கை மகள். எங்கள் இரு வீட்டுக்கும் இடையில் ஒரு மதில்தான் இருக்கிறது. நானும் சிரித்துக்கொண்டு, படத்துக்குப் பத்துப் புள்ளி போட்டேன். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து அளவு நாடாவை எடுத்து அளந்து பார்த்தேன். பிள்ளையின் கணக்கில் பிழை இருக்கவில்லை.

அந்தப் பதினான்கு அடியைப் பற்றியே இந்தக் கட்டுரை. நமது நாட்டின் நீர்ச் சட்டங்களைத் தேடிப் படிக்கவைத்ததும், சட்டத்தை மீறாத மனிதன் குற்றமற்றவன்தானா என்ற கேள்வியை என்னிடம் கொண்டுவந்து சேர்த்ததும் அந்த அளவுதான்.

கிழக்குக் கரையில் வாழும் வாசகர்களுக்கு எங்கள் வளவின் கதை புதிதாக இராது. என் மனைவியின் தாய்க்கு நாற்பது பேர்ச்சஸ் வளவு இருந்தது. கால் ஏக்கர். ஏறத்தாழச் சதுரமான காணி. ஒரு பக்கம் நூற்றுநான்கு அடி வரும். நடுவில் ஒரு வீடு, வடமேற்கு மூலையில் ஒரு கல்லுக் கிணறு, தென்கோடியில் தென்னைகளுக்கு அப்பால் ஒரு மலசலகூடம். அவருக்கு நான்கு பெண் மக்கள். நமது வழக்கப்படி ஒவ்வொரு மகளுக்கும் வீடும் வளவும் சீதனமாகக் கொடுக்கப்பட்டன. காணி நான்காகப் பிரிந்தது. நான்கு உறுதிகள், நான்கு வீடுகள், நான்கு மலசலகூடங்கள் ஆயின. கிணறுகளும் நான்காயின. பழைய கிணறு மூத்த மகளின் பங்கில் அகப்பட்டதால், மற்ற மூவரும் ஆளுக்கொரு கிணறு கட்டினோம். ‘கட்டினோம்’ என்று சொல்லும்போது, மாப்பிள்ளையாக அந்த வளவுக்குள் வந்த என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பத்துப் பேர்ச்சஸ் துண்டு ஒன்றின் பக்கம் ஐம்பத்திரண்டு அடி. குழியைக் கிணற்றிலிருந்து குறைந்தது ஐம்பது அடி தள்ளி வெட்டுங்கள் என்று எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்னார். நல்ல மனிதர், சொன்னது சரியான ஆலோசனை. நான் கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர்மூலையிலும் வைத்தேன். ஐம்பத்தைந்து அடி கிடைத்தது. கட்டட வரைபடத்தில் இரண்டையும் குறித்துக் கொடுத்து அங்கீகாரம் பெற்றேன். அந்த வரைபடத்திலும் என் மதிலோடுதான் உலகம் முடிந்திருந்தது. அடுத்த வளவின் கிணற்றைக் காட்டும்படி யாரும் கேட்கவில்லை. நானும் காட்டவில்லை.

அதாவது, என் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் விலக முடியுமோ அவ்வளவு தூரம் விலகி, என் மைத்துனியின் கிணற்றுக்குக் கிட்டே போய்விட்டேன். அவளுடைய குழி அவளது தமக்கையின் கிணற்றுக்குக் கிட்டே போயிருந்தது. வளவைச் சுற்றி வந்து பார்த்தால், நாங்கள் நால்வரும் நம்முடைய கிணற்றைக் காப்பாற்றிய அதே முயற்சியினால் மற்றவருடைய கிணற்றைக் கெடுத்திருந்தோம்.

எங்கள் ஊர் மணல் நிலம். மாரியில் நிலநீர் இரண்டு மூன்று அடியில் வந்து நிற்கும். குழிகளின் அடிப்பாகம் அப்போது நீருக்குள் இருக்கும். மணல் சல்லடைபோலச் சில கிருமிகளைப் பிடித்துக்கொள்ளும். தூரமும் நாட்களும் கிடைத்தால் இன்னும் பலவற்றைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மனிதக் கழிவிலுள்ள நைதரசன் நைத்திரேற்றாக மாறிவிட்டால், மணல் அதைப் பிடிப்பதில்லை. நீரோடு நீராக அது நகரும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இந்த எல்லை முக்கியமாகப் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளை நினைத்து வைக்கப்பட்டது. அளவு மிஞ்சினால் குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் வலுவை இழக்கும். உடல் நீலம் பாரிக்கும்.

மைத்துனியின் கடைசிக் குழந்தை நாலு மாதத்தில் வயிற்றோட்டம் கண்டு நான்கு நாட்கள் வைத்தியசாலையில் இருந்தது. தாய்ப்பால் போதாமல் மாப்பால் கொடுத்த பிள்ளை. சுகமாகித் திரும்பியது, அல்ஹம்துலில்லாஹ். அதன்பிறகு பரிசோதகர் அந்தக் கிணற்று நீரை எடுத்துச் சென்று பரிசோதிக்கக் கொடுத்தார். மலத்திலிருந்து வரும் பற்றீரியாவும் இருந்தது. நைத்திரேற்று எல்லையைத் தாண்டியிருந்தது. குழந்தைக்கு அந்த நீரைக் கொடுக்க வேண்டாம் என்றார். அப்போது அவள் என்னிடம் சொன்ன வார்த்தையை நான் மறக்கவில்லை.

“மச்சான், ஒரு நாளும் காய்ச்சாத தண்ணி நான் புள்ளக்கிக் குடுக்கல்லயே.”

காய்ச்சினால் கிருமி சாகும். நைத்திரேற்று சாகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். இது ஓர் ஆசிரியனான எனக்குத் தெரியும். பிள்ளையைப் பெற்ற அவளுக்குத் தெரியாது. தெரிந்த நான் மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

அந்தக் குழந்தையின் நோய்க்கு என் குழிதான் காரணம் என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அவள் கிணற்றைச் சுற்றி நான்கு குழிகள். வயிற்றோட்டத்துக்கு ஈயும் காரணமாகலாம், கழுவாத கையும் காரணமாகலாம். இந்தச் ‘சொல்ல முடியாது’ என்ற சொல்லுக்குள்தான் நான் சில மாதங்கள் ஒளிந்துகொண்டிருந்தேன். பிள்ளையின் படம் வந்துதான் என்னை வெளியே இழுத்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். நமது நாட்டில் நீருக்குச் சட்டம் இல்லை என்று சொல்வோர் அறியாமல் சொல்கிறார்கள். 1862ஆம் ஆண்டுத் தொல்லைகள் கட்டளைச் சட்டம் வளவைத் துப்புரவின்றி வைத்திருப்பவரைத் தண்டிக்கிறது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை பொது ஊற்றையோ நீர்நிலையையோ வேண்டுமென்றே அழுக்காக்குவதைக் குற்றமாக்கியது. 1946ஆம் ஆண்டு நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வாய்க்கால் நீரைப் பங்கிட்டது. 1964இல் நீர்வளச் சபைக்கும் 1974இல் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கும் சட்டங்கள் வந்தன. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, நாட்டின் உள்நாட்டு நீரை மாசுபடுத்துவதை எவருக்கும் தடைசெய்யும் பிரிவு சேர்ந்தது. உள்நாட்டு நீர் என்ற சொல்லுக்குள் ஆறும் குளமும் மட்டுமன்றிக் கிணறும் நிலத்தடி நீரும் அடங்கும்.

அப்படியானால் நான் குற்றவாளியா? எழுத்தின்படி பார்த்தால் ஆம் என்றே தோன்றுகிறது. நடைமுறையில் அந்தச் சட்டத்தின் கைகள் வேறு வகையாக அமைந்திருக்கின்றன. பட்டியலில் குறிக்கப்பட்ட தொழில்களைச் செய்வோர் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் பெறவேண்டும்; அவர்கள் வெளிவிடும் கழிவுநீர் குறித்த தரத்துக்குள் இருக்கவேண்டும்; மீறினால் வழக்கு. ஒரு தொழிற்சாலை, அதற்கு ஒரு குழாய், அந்தக் குழாயின் வாயில் ஒரு போத்தல் மாதிரி நீர். சட்டத்துக்குக் குழாய் வேண்டும். பத்துப் பேர்ச்சஸ் வளவுக்குக் குழாய் இல்லை. தண்டனைச் சட்டக்கோவையின் இரு சொற்களும் எனக்குத் துணையாக நின்றன. மைத்துனியின் கிணறு பொது நீர் அல்ல; நான் வேண்டுமென்றும் செய்யவில்லை.

குழாய் இருந்த இடத்தில் சட்டம் என்ன செய்யும் என்பதற்குச் சுன்னாகம் சாட்சி. அங்கு அனல் மின்னுற்பத்தி நிலையத்திலிருந்து எண்ணெய்க் கழிவு நிலத்துக்குள் இறங்கி, சுற்றுவட்டக் கிணறுகள் பலவற்றில் எண்ணெய் கலந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆறில்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கும் மழைநீரே அதன் உயிர். 2015இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு ஒன்று தாக்கல் செய்யப்பட்டது. 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதன் செலவைச் சுமக்கவேண்டும் என்ற கோட்பாட்டின்படி, பாதிக்கப்பட்டவர்களுக்கு 20 மில்லியன் ரூபா நட்டஈடு செலுத்தும்படி கம்பனிக்கு உத்தரவாயிற்று. கண்காணிக்க வேண்டிய அரச நிறுவனங்கள் தமது கடமையில் தவறியதையும் நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. கிணற்று நீருக்காகச் சாதாரண மக்கள் நீதிமன்றத்தில் வென்ற அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே வாதி ஒரு பக்கம், பிரதிவாதி மறுபக்கம். எங்கள் வளவில் வாதியும் பிரதிவாதியும் அதே நான்கு பேர்தான்.

அரசியலமைப்பையும் புரட்டிப் பார்த்தேன். 28ஆம் உறுப்புரை இயற்கையைப் பாதுகாப்பதையும் அதன் வளங்களைப் பேணுவதையும் ஒவ்வொருவரினதும் கடமைகளுள் ஒன்றாக வைக்கிறது. மனம் நிறைந்தது. அடுத்த உறுப்புரைக்கு வந்தால், இக்கடமைகளை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்று இருக்கிறது. முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிறகு, அது ஒரு நேர்மையான வாக்குமூலம் என்று எண்ணினேன். ‘இதற்கு மேல் என்னால் வரமுடியாது, மிச்சம் உன்னிடம் இருக்கிறது’ என்று சட்டமே சொல்லும் இடம் அது.

மிச்சத்தை எங்கே தேடுவது? நமது பழைய சட்ட நூல்களில் கிணற்றைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். பாலைவனத்தில் பிறந்த சட்டம் நீரைப் பற்றிப் பேசாமல் இருக்குமா? அங்கே ‘ஹரீம்’ என்றொரு கருத்து உண்டு. எவருக்கும் சொந்தமில்லாத தரிசு நிலத்தில் வெட்டிய கிணற்றைச் சுற்றியுள்ள காப்பு நிலம் அது. அதற்குள் மற்றொருவர் தோண்டவோ கிணற்றுக்கு இடையூறு செய்யவோ கூடாது. அந்த எல்லை நாற்பது முழம் என்று ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உதுமானிய அரசு தொகுத்த மஜல்லா என்ற சட்டக்கோவையிலும் அதே அளவு இருக்கிறது. நமது ஷாபிஈ மத்ஹபினர் ஓர் எண்ணில் நிற்காமல், கிணற்றின் தேவையைப் பொறுத்து எல்லையை வகுத்தார்கள். முழம் என்பது ஒன்றரை அடி. நாற்பது முழம் அறுபது அடி. சுகாதாரப் பரிசோதகரின் ஐம்பது அடிக்கும் அதற்கும் பெரிய தூரமில்லை என்று கண்டபோது எனக்கு வியப்பாக இருந்தது.

ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. என் வரைபடத்தின் ஐம்பத்தைந்து அடி எனக்குச் சொந்தமான கிணற்றிலிருந்து தொடங்கியது. ஹரீம் யாருடைய கிணறு என்று கேட்பதில்லை. அது கிணற்றுக்குரிய உரிமை. அதன் கருத்தை எங்கள் வளவுக்கும் பொருத்திப் பார்த்தால், அடுத்தவன் கிணற்றைச் சுற்றி இருக்கும் நாற்பது முழமும் என்னைத்தான் கட்டுப்படுத்தும். நான் அளக்கத் தொடங்க வேண்டிய இடம் மைத்துனியின் கிணற்றுக் கட்டு. நாடாவின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு இத்தனை காலம் நான் அளந்திருக்கிறேன்.

இதை வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டார்: “ஊரெல்லாம் இப்படித்தானே வெச்சிரிக்காங்க. நாம மட்டும் என்ன புதுசாச் செஞ்சிட்டம்?”

இதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. இமாம் நவவி அவர்களின் மின்ஹாஜில், ஒருவர் தம் உடைமைக்குள் வழமைக்கு ஏற்ப நடந்துகொள்ளலாம், வழமையை மீறிக் கேடு செய்தால் பொறுப்பாளி ஆவார் என்ற கருத்து இருக்கிறது. என் மனைவி மின்ஹாஜ் ஓதியவரல்ல. ஆனால் அவர் சொன்னது அந்தத் தர்க்கந்தான். குழி வெட்டுவது வழமை. வழமைக்குள் நடந்தோம். பிறகென்ன?

நான் யோசித்து அடைந்த பதில் இதுதான். வழமை என்பது ஓர் இடத்தின் அளவைப் பார்த்துப் பிறப்பது. நாற்பது பேர்ச்சஸ் வளவில் ஒரு குழி என்பதுதான் எங்கள் மூத்தவர்களின் வழமை. காணி நான்காகப் பிரிந்த நாளில் அந்த வழமையின் பெயர் மட்டும் நம்மிடம் வந்தது. அதற்கு ஆதாரமான தூரம் வரவில்லை. எல்லாரும் செய்வதால் ஒன்று வழமையாகிறது என்பது உண்மை. எல்லாரும் செய்வதனாலேயே ஒன்று கேடாகவும் ஆகலாம். ஒரு குழியை மணல் தாங்கும். நானூறு குழியைத் தாங்காது. அப்போது ‘எல்லாரும்தானே’ என்ற சொல் மன்னிப்புக்குரிய காரணமாக நிற்காது. அதுவே குற்றத்தின் விவரணமாகிவிடும்.

அடுத்ததாக, பங்குக் கணக்கு. நான்கு குழிகளில் என்னுடையது ஒன்று. எனவே கேட்டில் என் பங்கு காற்பங்கு என்று மனம் கணக்குப் போட்டது. நமது பிள்ளைகள் மத்ரஸாவில் படிக்கும் ‘பர்ளு கிபாயா’ இங்கே நினைவுக்கு வந்தது. ஊரில் ஒரு ஜனாஸா கிடக்கிறது. சிலர் முன்வந்து அடக்கினால் ஊரார் எல்லாரின் கடமையும் நீங்கும். ஒருவரும் வராவிட்டால் பாவம் ஊராரின் எண்ணிக்கையால் வகுபடுவதில்லை. செய்ய இயன்ற ஒவ்வொருவர் மீதும் முழுதாக நிற்கும். நீரின் கடமை இதில் பாதியை ஒத்திருக்கிறது. பொறுப்பு வகுபடாது என்பதில் ஒத்திருக்கிறது. ஆனால் சிலர் செய்தால் மற்றவர் தப்பலாம் என்பதில் ஒத்துப்போகவில்லை. நான் மட்டும் என் குழியை மூடினால் மைத்துனியின் கிணறு தெளியாது. எல்லாரும் சேர்ந்தால்தான் தெளியும். சேராத ஒருவரால் திரும்பவும் கெடும். ஜனாஸாவை விடக் கடினமான கடமை இது. தனியே நிறைவேற்றவும் முடியாது, தனியே தட்டிக்கழிக்கவும் முடியாது.

சேர்ந்து செய்யத் தெரியாத சமூகமும் அல்ல நாம். வயலில் நமக்கு அது கைவந்த வேலை. கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கிய காலம் முதல் சேனநாயக்க சமுத்திரத்து நீரின் கடைவாய்க்கால் பக்கத்தில் இருப்பவர்கள் எங்கள் விவசாயிகள். மேலே மறித்து இறைக்கிறார்கள், மேலே அடித்த மருந்தெல்லாம் வடிந்து எங்கள் வயலுக்குத்தான் வருகிறது என்று குறைசொல்லாத போகமில்லை. அதில் நியாயம் உண்டு. அந்தக் குறையைச் சொல்ல நமக்கொரு சபையும் உண்டு. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் கூடி, எப்போது நீர் திறப்பது, எப்போது விதைப்பது என்று தீர்மானிக்கும் கூட்டம் நீர்ப்பாசனச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. முடிவெடுத்தால் எல்லாருக்கும் கட்டு. வாய்க்கால் நீர் கண்ணுக்குத் தெரிவதால், அது ஒரே நீர் என்று சட்டமும் ஒப்புக்கொண்டது, நாமும் ஒப்புக்கொண்டோம். கிணற்று நீரும் ஒரே நீர்தான். மண் மூடியிருப்பதால் அது உறுதிக்குள் அடங்கிய சொத்துப்போலத் தெரிகிறது. மேல்வாய்க்கால்காரனைக் குறைசொல்லும் நான், என் மைத்துனிக்கு மேல்வாய்க்கால்காரனாக இருந்திருக்கிறேன்.

நிலத்தடி நீர் ஒன்றென்பதைக் கடல் நமக்கு ஒருமுறை காட்டித் தந்தது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்துபோனபின் எங்கள் கிணறுகள் உவர்த்தன. அவரவர் தத்தம் கிணற்றை இறைத்து இறைத்து ஊற்றினோம். இறைத்து ஊற்றிய உவர்நீர் மணலில் இறங்கி மீண்டும் கிணறுகளுக்கே வந்தது. மேலதிகமாக இறைத்த இடங்களில் கீழேயிருந்த உவர்நீர் மேலேறியது. அளவோடு துப்புரவாக்கிவிட்டு மழைக்காகக் காத்திருங்கள் என்று பின்னர் நிபுணர்கள் சொன்னார்கள். அவசரப்பட்டுத் தன் கிணற்றை மட்டும் மீட்கப் போனவர் அதனைக்கூட மீட்கவில்லை.

ஒரு சிறுபோக விடுமுறையில், மாமி உயிரோடிருந்த காலத்தில் பாய் விரித்துக் குந்தும் அதே மாமரத்தின்கீழ், நான்கு வீட்டாரையும் கூட்டினேன். போக ஆரம்பக் கூட்டம் என்று பகிடியாகச் சொல்லித்தான் அழைத்தேன். பிள்ளையின் படத்தை நடுவில் வைத்தேன். பிறகு, அதே நான்கு துண்டையும் மதில்களின்றி ஒரே சதுரமாக வரைந்து காட்டினேன். கணக்கு மிக எளியது. பத்துப் பேர்ச்சஸுக்குள் எவருக்கும், அடுத்தவர் கிணற்றையும் சேர்த்து எண்ணினால், நாற்பது முழம் கிடைக்காது. நாற்பது பேர்ச்சஸை ஒன்றாகப் பார்த்தால், பழைய கிணற்று மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நூற்று நாற்பத்தேழு அடி. துப்புரவுக்குத் தேவையான தூரம் எங்கள் காணிக்குள்ளேயே இருந்தது. அது எவருடைய பங்குக்குள்ளும் இருக்கவில்லை.

பழைய கிணற்றை நான்கு வீட்டுக்கும் பொதுவாக வைப்பது. மற்றக் கிணறுகளில் குடிக்கக் கூடாது. நான்கு குழிகளையும் மூடி, நீர் கசியாத தாங்கி ஒன்றும் அதற்கப்பால் உறிஞ்சு குழி ஒன்றும் எதிர்மூலையில் கட்டுவது என்று மூன்று வீட்டார் ஒத்துக்கொண்டோம். நான்காவது வீட்டு மச்சான் கட்டாரில் இருக்கிறார். தொலைபேசியில் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “என்ட உறுதிக்குள்ள நான் வெட்டின குழி அது. சட்டப்படிதானே இரிக்கி” என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சில மாதங்களுக்கு முன்னர் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

வேலை தொடங்குவதற்கு முதல்நாள் இன்னொன்று தெரிந்தது. எதிர்மூலைக்கு அப்பால், ஒழுங்கையைக் கடந்து, ஒரு முதியவரின் வளவு. அவருடைய கிணறு எங்கள் புதிய குழிக்குக் குறித்த இடத்திலிருந்து இருபது அடியில் இருந்தது. நானும் பெரிய படத்தை வரைந்து, அதையும் மதிலோடு நிறுத்தியிருக்கிறேன். அவரிடம் போய்ச் சொன்னோம். நாடாவை வாங்கி, தன் கிணற்றுக் கட்டிலிருந்து அவரே பிடித்துக்கொண்டு எங்களோடு நடந்தார். எல்லாக் கிணறுகளுக்கும் அறுபது அடிக்குக் குறையாத இடம் ஒன்று கடைசியில் அகப்பட்டது. அது மைத்துனியின் வளவுக்குள், அவள் கீரையும் மிளகாயும் போட்டிருந்த இடம். எல்லாரிலும் அதிகம் கெட்டது அவளுடைய கிணறு. காணி விட்டுக்கொடுத்ததும் அவளே. மோட்டார் சைக்கிள் மாற்றுவதற்காகச் சேர்த்திருந்த பணத்தை நான் கட்டட வேலைக்குக் கொடுத்தேன். அதைத் தியாகம் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போது குழாய்நீர் வந்துவிட்டதே, இன்னும் ஏன் கிணற்றைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். குழாய்க்கு மாதப் பட்டியல் வருகிறது. இணைப்பு எடுக்க இயலாத வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கின்றன. வசதியுள்ளவர்கள் கிணற்றை விட்டு எழுந்து போனபின், நாம் கெடுத்த நீரைக் குடிப்பவர்கள் ஏழைகள் மட்டுமே. அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவும் ஆளிருக்காது.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வேறுவிதமான சட்டம் வேண்டும். கட்டட வரைபடத்தில் அயல் வளவுகளின் கிணறுகளையும் குறிக்கவேண்டும் என்று ஒரு வரி சேர்ந்தாலே எத்தனையோ கிணறுகள் தப்பும். காணியைப் பிரித்து உறுதி எழுதும்போது, கிணற்றையும் குழியையும் பொதுவில் வைக்க ஒரு வழி வேண்டும். வயலுக்கு இருப்பதுபோல நிலத்தடி நீருக்கும் ஊர்தோறும் ஒரு கூட்டம் வேண்டும். இவற்றைக் கேட்டுப் பெறும்வரை, சட்டம் நிற்கும் இடத்தில் நாமும் நின்றுவிடலாமா என்பதே என் கேள்வி.

நான்காவது வீட்டின் குழி இன்னும் இருக்கிறது. மச்சான் அடுத்த விடுமுறையில் வரும்போது நாடாவை அவர் கையில் கொடுக்க எண்ணியிருக்கிறேன். தரம் 9 பிள்ளைகளுக்கு அந்த வீட்டு வேலையை வருடாவருடம் கொடுக்கிறேன். ஒரு மாற்றம் செய்திருக்கிறேன்: இப்போது ஒருவர் தனியாக வரையக் கூடாது. பக்கத்து வளவுப் பிள்ளையோடு சேர்ந்து, இரண்டு வளவையும் ஒரே தாளில் வரைந்து வரவேண்டும்.